ஆண்டிறுதித் தமிழ் வகுப்பு: திருப்புதலும் மறுவாசிப்பும் – பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கல்வியாண்டின் இறுதி மாதங்களில் தமிழ் வகுப்பு பெரும்பாலும் வினா–விடைத் திருப்புதலாகச் சுருங்குகிறது. மாணவர் முன்பே படித்த பாடத்தை அதே வரிசையில், அதே வினாக்களுடன் மீண்டும் படிக்கின்றனர். இதனால் வகுப்பில் ஆர்வம் குன்றுவதோடு, திருப்புதலின் நோக்கமான நினைவும் உறுதிப்படுவதில்லை. பாடநூல் முழுவதும் கற்பிக்கப்பட்டுவிட்ட நிலையில், முன்னர்க் கற்ற இலக்கியப் பாடங்களைப் பின்னர்க் கற்ற இலக்கணத்தின் துணைகொண்டு மறுவாசிப்புச் செய்ய ஆண்டிறுதியே ஏற்ற காலம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நினைவுகூர்தல் பற்றிய உளவியல் ஆய்வுகளும் நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் கற்றல் நெறியும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. 2019ஆம் ஆண்டு வெளியான தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆண்டிறுதிக் கற்பித்தல், திருப்புதல், மறுவாசிப்பு, நினைவுகூர்தல், நன்னூல், பத்தாம் வகுப்புத் தமிழ்

முன்னுரை

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வியாண்டு சூன் மாதத்தில் தொடங்குகிறது. காலாண்டுத் தேர்வு செப்டம்பரிலும் அரையாண்டுத் தேர்வு திசம்பரிலும் முடிகின்றன. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு எஞ்சும் வாரங்கள் பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளுக்குத் திருப்புதல் காலமாகின்றன. புதிய பாடம் இல்லை. திருப்புதல் தேர்வுகள், காலை மாலைச் சிறப்பு வகுப்புகள், மாதிரி வினாத்தாள்கள் ஆகியவையே அன்றாட நிகழ்வுகளாகின்றன.

இக்காலத்தில் வகுப்பறையைச் சூழும் சோர்வு ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. மாணவரின் அக்கறையின்மை, தேர்வு அச்சம், வெயில், உடற்களைப்பு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் உண்மை இருப்பினும், கற்பித்தல் முறைக்குள்ளேயே அமைந்த காரணம் ஒன்றும் உண்டு. ஏற்கெனவே தெரிந்ததாகத் தோன்றும் ஒன்றைத் திரும்பக் கேட்பதில் மாணவருக்குச் சிந்திக்க வேலை இல்லை. விடை தெரிந்த வினாவுக்கு அவர் ஏன் செவிகொடுக்க வேண்டும் என்பதே இங்கு எழும் சிக்கல்.

இச்சிக்கல் மதிப்பெண்ணோடு முடிவதன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ செல்லும் மாணவர் பலருக்கு இதுவே கடைசித் தமிழ் இலக்கிய வகுப்பு. சங்கப் பாடலையோ சிறுகதையையோ ஆசிரியர் ஒருவரின் துணையுடன் படிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மீண்டும் வாய்ப்பது அரிது. அந்தக் கடைசி வாரங்கள் வினா எண்களாலும் மதிப்பெண் கணக்காலும் மட்டுமே நிரப்பப்பட்டால், தமிழ் இலக்கியம் என்பது பற்றி அவர்கள் கொண்டுசெல்லும் நினைவும் அதுவாகவே அமையும்.

திருப்புதல் பயனற்றுப் போவதன் காரணம்

திருப்புதலில் பெரிதும் கையாளப்படும் முறை மீள்வாசிப்பு ஆகும். ஆசிரியர் பாடத்தை விரைவாகச் சொல்லிச் செல்வார். மாணவர் உரைநூலிலோ குறிப்பேட்டிலோ அடிக்கோடிட்ட பகுதியைப் பார்ப்பர். பார்க்கப் பார்க்கப் பாடம் பழகியதாகத் தோன்றும். அப்பழக்கத்தையே மாணவர் அறிவாகக் கருதிவிடுகின்றனர்.

நினைவு பற்றிய சோதனை ஆய்வுகள் இவ்விடத்தில் உதவுகின்றன. செருமானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட நூலில், கற்றவை முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறக்கப்படுவதைத் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டினார். மறதியை எவ்வாறு எதிர்கொள்வது என்பதற்குப் பிற்கால ஆய்வுகள் தெளிவான விடை தந்துள்ளன.

அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தனர். மற்றொரு குழுவினர் முதல் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய மூன்று அமர்வுகளில் பகுதியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில், மீண்டும் மீண்டும் படித்தோர் 83 விழுக்காட்டுக் கருத்துகளையும் நினைவிலிருந்து எழுதியோர் 71 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது. மீள்வாசிப்புக் குழு 40 விழுக்காடாகக் குறைய, நினைவுகூர்தல் குழு 61 விழுக்காட்டில் நின்றது. ஒரு வாரத்திற்குப் பின் தமக்கு எவ்வளவு நினைவிருக்கும் என முன்கூட்டியே கேட்டபோது, மிகுந்த நம்பிக்கை தெரிவித்தவர்கள் மீள்வாசிப்புக் குழுவினரே என்பது கருதத்தக்கது.

இரண்டாவது ஆய்வு பயிற்சியின் வரிசை பற்றியது. டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட கணிதச் சோதனையில், ஒருவகைக் கணக்கை முடித்த பின் அடுத்த வகைக்குச் சென்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தனர். பல வகைக் கணக்குகளைக் கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடே பெற்றனர். ஒரு வாரத்திற்குப் பிந்தைய தேர்வில் முன்னவர் 20 விழுக்காடும் பின்னவர் 63 விழுக்காடும் பெற்றனர். கலந்து செய்யும்போது, ஒவ்வொரு கணக்கும் எவ்வகையைச் சார்ந்தது என்று முடிவுசெய்யும் வேலையும் மாணவருடையதாகிறது.

கற்றல் உத்திகள் பத்தினை மதிப்பிட்டு ஜான் டன்லாஸ்கியும் பிறரும் 2013இல் வெளியிட்ட திறனாய்வும் இம்முடிவுகளுக்கு இயைந்ததே. அதில், தம்மைத்தாமே சோதித்துக்கொள்ளலும் இடைவெளிவிட்டுப் பயிலலும் உயர்பயன் தருபவை எனவும், மீள்வாசிப்பும் அடிக்கோடிடலும் குறைபயன் தருபவை எனவும் மதிப்பிடப்பட்டுள்ளன.

இவற்றைத் தமிழ் வகுப்பின் திருப்புதலோடு பொருத்திப் பார்க்கலாம். இயல் ஒன்று, இயல் இரண்டு என வரிசையாக மீள்வாசிப்பது இவ்விரு ஆய்வுகளும் வலிமை குறைந்தவை எனக் காட்டும் முறைகளின் கூட்டாகவே உள்ளது. தேர்வோ அவ்வரிசையில் அமைவதில்லை. முன்பு இரு தாள்களாக இருந்த மொழிப்பாடத் தேர்வு, 2019–20ஆம் கல்வியாண்டு முதல் ஒரே தாளாக ஆக்கப்பட்டது. செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் கலந்து வருகின்றன. கலந்து கேட்கப்படும் தேர்வுக்குக் கலந்து பயில்வதே பொருத்தமான ஆயத்தம் எனலாம்.

நன்னூல் கூறும் கற்றல் நெறி

நினைவுகூர்தலை மையமாகக் கொண்ட கற்றல், தமிழ்க் கல்வி மரபுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் மாணாக்கர் பாடம் கேட்கும் முறையைத் தனியே வகுக்கிறது. பாடத்தைப் போற்றுதலோடு, கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடைந்து ஐயம் நீங்கக் கேட்டல், உடன்பயில்வோரோடு பழகுதல், வினவுதல், பிறர் வினவியவற்றுக்கு விடைகூறுதல் ஆகியவை அங்கு மாணாக்கர் கடமைகளாகச் சுட்டப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை மாணவர் தாமே செய்யும் செயல்கள் என்பது நோக்கத்தக்கது.

ஒரு நூலை ஒருமுறைக்கு இருமுறை கேட்டால் பிழை நீங்கும். மும்முறை கேட்டால் முறையறிந்து எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்றும் நன்னூல் கூறுகிறது. அதாவது, திரும்பக் கேட்டலின் நோக்கம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இரண்டாம் கேட்டல் பிழை களைவதற்கு. மூன்றாம் கேட்டல் பிறர்க்கு உரைக்கும் தகுதி பெறுவதற்கு. இன்றைய திருப்புதலில் முதல் முறையும் மூன்றாம் முறையும் ஒரே தன்மையில் அமைவதே குறை.

இதனினும் இன்றியமையாத கருத்து அடுத்து வருகிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்வாங்கினாலும் மாணவர் பெறுவது புலமையில் கால் பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் நிறையும் என்பது நன்னூலின் கணக்கு. இப்பகுப்பை அளவீடாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் உரைக்கும் பங்கு மிகுந்தும், இறுதியில் மாணவர் உரைக்கும் பங்கு மிகுந்தும் இருத்தல் வேண்டும் என்னும் கற்பித்தல் நெறியை இதிலிருந்து பெறலாம். நடைமுறையில் இதற்கு மாறாக, தேர்வு நெருங்க நெருங்க ஆசிரியரின் பேச்சு பெருகி மாணவரின் பேச்சு குறைகிறது.

பாடநூலின் வைப்புமுறையும் ஆண்டிறுதி வாய்ப்பும்

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் ஒன்பது இயல்களைக் கொண்டது. மொழி, இயற்கை, பண்பாடு போன்ற பொருண்மைகளின் அடிப்படையில் இயல்கள் அமைந்துள்ளன. ஒவ்வோர் இயலிலும் உரைநடை, கவிதை, விரிவானம், இலக்கணம் ஆகிய பகுதிகள் இடம்பெறுகின்றன. இக்கட்டுரை அம்முதற்பதிப்பின் வரிசையையே பின்பற்றுகிறது.

பொருண்மை அடிப்படையிலான இவ்வைப்பில் ஒரு தன்மை உண்டு. ஓர் இலக்கியப் பாடமும், அதை நுணுக்கமாகப் படிக்க உதவும் இலக்கணமும் பெரும்பாலும் ஒரே இயலில் அமைவதில்லை. இதனைக் குறை எனக் கருதலாம். ஆனால், இலக்கணம் கைவந்த பின் பழைய பாடத்துக்குத் திரும்ப ஒரு காரணத்தை இவ்விடைவெளியே தருகிறது. பின்வரும் மூன்று சான்றுகள் இதனைத் தெளிவாக்கும்.

1. முல்லைப்பாட்டும் அகப்பொருள் இலக்கணமும்

பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு 103 அடிகளைக் கொண்டது, பாடியவர் நப்பூதனார். அதன் தொடக்கப் பகுதி இரண்டாம் இயலில், இயற்கை என்னும் பொருண்மையின்கீழ் இடம்பெறுகிறது. அகப்பொருள் இலக்கணமோ ஆறாம் இயலில்தான் வருகிறது. ஆகவே முதன்முறை படிக்கும் மாணவர் மழை, மாலை, முதுபெண்டிர் நற்சொல் கேட்டல், இடைக்குல மகள் கன்றுக்கு ஆறுதல் கூறல் ஆகியவற்றை ஒரு நிகழ்ச்சியாகவே அறிகிறார். காற்றும் மழையும் பற்றிய இயலில் அமைந்த மழைக்காலப் பாடல் என்பதே அவருக்குக் கிடைக்கும் பொருள்.

ஆறாம் இயலுக்குப் பின் இதே அடிகளைப் படிக்கும்போது வேறு வினாக்கள் எழுகின்றன. மேகத்திற்கு உவமையாகத் திருமால் ஏன் வந்தார்? பொழுது ஏன் மாலை? தாய்ப்பசுவைப் பிரிந்து வருந்தும் கன்று ஏன் இங்கு இடம்பெற வேண்டும்? கார்காலமும் மாலையும் முல்லைக்குரிய பொழுதுகள். திருமால் முல்லையின் தெய்வம். ஆயர் அந்நிலத்து மக்கள். இருத்தல் அதன் உரிப்பொருள் என மாணவர் இப்போது அறிவார். போருக்குச் சென்ற தலைவனின் வரவை எதிர்நோக்கியிருக்கும் தலைவியின் நிலை, தாயை எதிர்நோக்கும் கன்றின் நிலையில் காட்டப்பட்டிருப்பதை அவர் தாமே காண இயலும். தாய்மார் விரைவில் வந்துவிடுவர் என்று கன்றுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல், தலைவிக்கும் உரிய நற்சொல்லாக ஏற்கப்படுவதன் பொருத்தம் அப்போதுதான் விளங்கும்.

இவ்வினாக்களை ஆண்டின் தொடக்கத்தில் எழுப்பியிருந்தால் ஆசிரியரே விடையும் கூறியிருக்க வேண்டும். ஆண்டிறுதியில் விடைக்கு வேண்டிய அனைத்தும் மாணவரிடம் உள்ளன.

2. மலைபடுகடாமும் புறப்பொருள் இலக்கணமும்

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை எனவும் வழங்கப்படும். நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தர், எதிர்ப்படும் கூத்தரை அவனிடம் ஆற்றுப்படுத்தும் இப்பாட்டின் பகுதி, மூன்றாம் இயலில் விருந்தோம்பல் என்னும் நோக்கில் வைக்கப்பட்டுள்ளது. வழியிலுள்ள சிற்றூர் மக்கள் கூத்தர்க்கு உணவளித்துப் போற்றுவதே அங்கு முதன்மை பெறுகிறது.

ஏழாம் இயலில் புறத்திணைகளைக் கற்றபின், இப்பாடல் எத்திணைக்குரியது என்ற வினாவை வைக்கலாம். போர் இல்லாத பாடல் புறத்திணையில் அடங்குமா எனச் சில மாணவர் ஐயுறுவர். பாடாண் திணையை அறிந்தவர்கள் அவ்வையத்தை நீக்குவர். குடிமக்களின் விருந்தோம்பலைச் சொல்லும் பகுதி மன்னனைப் போற்றுவது எவ்வாறு ஆகும் என்பது அடுத்த வினா. மன்னன் பெயரைச் சொன்னவுடன் அறிமுகமற்ற கூத்தர்க்கும் உணவு கிடைக்கிறது என்றால், அது அவனது நாட்டின் வளத்துக்கும் அவன் பெயருக்குள்ள மதிப்புக்கும் சான்று என்னும் விடையை மாணவர் பாடலிலிருந்தே வருவிக்க இயலும். ஏழாம் இயலிலேயே உள்ள மெய்க்கீர்த்தியோடு இதனை ஒப்பிட்டால், மன்னனைப் போற்றும் முறைகள் இரண்டு அருகருகே விளங்கும்.

3. திருக்குறளும் யாப்பு, அணி இலக்கணமும்

மூன்றாம் இயலில் திருக்குறள் பொருள் நோக்கில் கற்பிக்கப்படுகிறது. பாவகையும் அலகிடுதலும் எட்டாம் இயலிலும், அணிகள் ஒன்பதாம் இயலிலும் வருகின்றன. திருப்புதலில் அலகிடுதலுக்கென வழக்கமாகத் தரப்படும் இரண்டு குறள்களையே திரும்பத் திரும்ப எழுதுவதை விட, மூன்றாம் இயலின் குறள்களுள் ஒன்றை மாணவரே தேர்ந்து சீர்பிரித்து, நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய வாய்பாடுகளுள் எதில் முடிகிறது எனக் காண்பது பயன் மிக்கது. ஒரே செயலில் மனப்பாடம், பொருள், யாப்பு ஆகிய மூன்றும் திருப்புதல் பெறுகின்றன.

பொருண்மைவழி இணைத்தல்

இலக்கணத்தின் துணையின்றியும் மறுவாசிப்பு நிகழலாம். விருந்து என்னும் பொருளை எடுத்துக்கொண்டால், மூன்றாம் இயலில் மலைபடுகடாமோடு 'விருந்து போற்றுதும்' என்னும் உரைநடையும், விருந்தினரைப் போற்றும் ஒன்பது ஒழுக்கங்களைக் கூறும் அதிவீரராம பாண்டியரின் காசிக்காண்டப் பாடலும், கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' பகுதியும் உள்ளன. ஒன்பதாம் இயலில் கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' சிறுகதை மனிதம் என்னும் பொருண்மையில் தனியே நிற்கிறது.

இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது, மூன்றாம் இயலின் பாடங்கள் காட்டும் விருந்தோம்பலுக்கு அழகிரிசாமியின் கதை ஓர் உரைகல்லாகிறது. நோயுற்று ஆதரவின்றி வந்து தங்கும் ஒருவனைக் கதைசொல்லி முதலில் இகழ்ச்சியோடு நோக்குகிறார். அவனுக்காக வறிய நண்பன் ஒருவன் எழுதிய கடிதம் அவர் மனத்தை மாற்றுகிறது. காசிக்காண்டம் கூறும் ஒன்பது ஒழுக்கங்களுள் எவை இக்கதையில் மீறப்படுகின்றன என்னும் வினா, செய்யுளையும் கதையையும் ஒருசேர நினைவுக்குக் கொணரும். விருந்தினர் என்பவர் யார், வேண்டாதவராக வந்தவரும் விருந்தினரா என்னும் வினாவுக்கு ஆயத்த விடை எந்த உரைநூலிலும் இராது. மாணவர் தம் வீட்டையும் தெருவையும் எண்ணிப் பார்த்தே விடைகூற வேண்டும்.

உழைப்பு என்னும் பொருளும் இவ்வாறே அமையும். கு.ப. ராஜகோபாலனின் 'ஏர் புதிதா?' உழவையும், நாகூர் ரூமியின் 'சித்தாளு' கட்டட வேலை செய்யும் பெண்ணின் வாழ்வையும், சிலப்பதிகாரப் பகுதி மருவூர்ப்பாக்கத்து வணிகரையும் கைவினைஞரையும் காட்டுகின்றன. கலைஞர் என்னும் பொருளில் நிகழ்கலை பற்றிய உரைநடையையும் சா. கந்தசாமியின் 'பாய்ச்சல்' கதையையும் மலைபடுகடாத்தின் கூத்தரோடு இணைக்கலாம்.

வகுப்பறை நடைமுறை

மேற்கூறிய மறுவாசிப்பு கூடுதல் நேரத்தைக் கோருவதன்று. 45 நிமிடப் பாடவேளை ஒன்றினைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம்.

முதல் 10 நிமிடங்கள் நூலை மூடிவைத்து நினைவுகூர்தலுக்குரியவை. முல்லைப்பாட்டில் நினைவில் உள்ளவற்றை மாணவர் ஒரு தாளில் எழுதுவர். இதற்கு மதிப்பெண் இல்லை என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். அடுத்த 5 நிமிடங்களில் அருகிருப்பவரோடு தாளை மாற்றி, விடுபட்டவற்றை வேறு நிற மையால் சேர்ப்பர்; அதன்பின்னரே நூலைத் திறப்பர். தமக்கு எது மறந்தது என்பதைக் கண்டபின் நூலைத் திறக்கும் மாணவர், தேடிப் படிக்கிறார்.

அடுத்த 20 நிமிடங்கள் இணைப்பு வினாவுக்குரியவை. பாடலின் எந்தெந்தச் சொற்கள் முல்லைத் திணையைக் காட்டுகின்றன என்பது போன்ற ஒரு வினா போதும். நால்வர் கொண்ட குழுக்களாக விவாதித்து, குழுவுக்கு ஒருவர் எழுந்து உரைப்பர். நன்னூல் கூறும் விரித்துரைத்தலுக்கு இதுவே இடம். ஆசிரியர் விடையை உடனே உறுதிசெய்யாமல், பாடலில் எந்த அடி அதற்குச் சான்று என்று மட்டும் கேட்பது நல்லது.

இறுதி 10 நிமிடங்களில், பொதுத்தேர்வில் இப்பாடத்திலிருந்து கேட்கப்படக்கூடிய சிறுவினா ஒன்றுக்கு ஒவ்வொருவரும் தனித்து விடை எழுதுவர். பேசியது எழுத்தாக மாறாவிடில் தேர்வுக்குப் பயன்படாது. ஆதலால் இப்பகுதியைத் தவிர்த்தல் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்குப் பின், வேறு பாடத்தின் வகுப்பின் தொடக்கத்தில் முல்லைப்பாட்டிலிருந்து ஓரிரு குறுவினாக்களைக் கேட்பதால் இடைவெளிப் பயிற்சியும் கலப்புப் பயிற்சியும் ஒருங்கே நிகழும்.

ஒரு வாரத்தில் இத்தகைய வகுப்புகள் இரண்டு அமைந்தாலே எட்டு வாரங்களில் பதினாறு இணைப்புகள் கிடைக்கும். எந்தப் பாடங்களை இணைப்பது என்பதைச் சில நாள்களில் மாணவரே தேர்ந்துகொள்ள விடலாம். பொருளடக்கப் பக்கத்தைத் திறந்து, தொடர்புடைய இரு பாடங்களைக் கோடிட்டு இணைத்து, காரணத்தை ஒரு வரியில் எழுதுமாறு கூறுவது எளிய தொடக்கமாகும்.

மெல்லக் கற்கும் மாணவர்

இம்முறை நன்கு படிக்கும் மாணவருக்கு மட்டுமே ஏற்றது என்னும் கருத்து எழக்கூடும். ஆண்டிறுதியில் மாணவர் பெறவேண்டிய மதிப்பெண்ணை நோக்கிப் பிரிக்கப்படுகின்றனர். மெல்லக் கற்போர் எனக் குறிக்கப்பட்டோர்க்குத் தேர்ச்சிக்குப் போதுமான வினாக்கள் மட்டும் தரப்பட்டு, அவற்றையே பலமுறை எழுதுமாறு கூறப்படுகிறது. தேர்ச்சி அவர்களின் எதிர்காலத்திற்கு இன்றியமையாதது என்பதால் இந்நடைமுறையின் நோக்கத்தை மறுக்க இயலாது. ஆயினும் பொருள் உணராமல் எழுதிய விடை விரைவில் மறக்கும் என்பதாலும், வினாவின் சொல் சற்று மாறினாலும் மாணவர் திகைப்பர் என்பதாலும், அந்நோக்கமே முழுமையாக நிறைவேறுவதில்லை.

இவர்களுக்கு வினாவை எளிமையாக்குவதை விட, விடை சொல்லும் வடிவத்தை எளிமையாக்குவது பொருத்தமானது. கன்று ஏன் வருந்துகிறது என்று வாய்மொழியாகக் கேட்டால் விடைகூறாத மாணவர் அரிது. அவ்விடையை இரண்டு தொடர்களாக எழுதச் செய்து, பின்னர் மூன்றாவது தொடராகத் திணையின் பெயரைச் சேர்க்கச் செய்யலாம். ஆடு மாடு மேய்க்கும் குடும்பத்து மாணவருக்கு முல்லைப்பாட்டிலும், கட்டட வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்குச் 'சித்தாளு' கவிதையிலும் கூறுவதற்குப் பிறரை விட மிகுதியாகச் செய்தி இருக்கும். அவரது வாழ்வை எடுத்துக்காட்டாக ஆக்கி வகுப்பின் முன் நிறுத்தாமல், அவர் விரும்பிப் பேசும்போது இடம் தருவதே ஆசிரியரின் கடமை.

வரையறைகள்

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. முதலாவது, கல்லாத ஒன்றை நினைவுகூர இயலாது. நீண்ட விடுப்பினாலோ வாசிப்புத் திறன் குறைவினாலோ பாடத்தையே அறியாத மாணவருக்கு, முதலில் உடனிருந்து படித்துக்காட்டுவதே வேண்டும். இரண்டாவது, மனப்பாடப் பகுதிகளில் சொல் மாறாமை தேவை. அதனை விவாதம் தராது. அங்கும் பார்த்து எழுதுவதைக் குறைத்துப் பாராமல் எழுதித் திருத்துவதே பயன் தரும்.

மூன்றாவது எல்லை ஆய்வாளர்க்குரியது. மேலே சுட்டப்பட்ட இரு சோதனைகளும் கல்லூரி மாணவரிடையே, குறுகிய உரைப்பகுதிகளையும் கணக்குகளையும் கொண்டு நிகழ்த்தப்பட்டவை. சங்கச் செய்யுளின் மொழி, உரையின் துணையோடு பொருள்கொள்ளும் முறை, மனப்பாட மரபு ஆகியன உள்ள தமிழ் வகுப்பறையில் அம்முடிவுகளை அப்படியே ஏற்க முடியாது. ஒரே பள்ளியின் இரு பிரிவுகளில் ஒன்றில் வரிசைமுறைத் திருப்புதலையும் மற்றொன்றில் இணைப்புமுறைத் திருப்புதலையும் மேற்கொண்டு, திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை ஒப்பிடுவது கல்வியியல் ஆய்வாளர் செய்யத்தக்க பணி. மதிப்பெண்ணோடு, விடையில் பாடலடியைச் சான்றாகக் காட்டுதல், உரைநூல் தொடர்களிலிருந்து விலகித் தம் நடையில் எழுதுதல் ஆகியவற்றையும் அளவுகோல்களாகக் கொள்ளலாம்.

முடிவுரை

ஆண்டிறுதி வகுப்பின் சோர்வை நீக்க விளையாட்டுகளும் ஒளிப்படக் காட்சிகளும் பலவாறு பரிந்துரைக்கப்படுகின்றன. அவை சிறிது நேரம் கவனத்தை ஈர்க்கலாம். மாணவருக்குச் சிந்திக்கத்தக்க வினா இருந்தாலன்றி அக்கவனம் நிலைபெறாது. அத்தகைய வினாக்களை எழுப்புவதற்கு வேண்டிய பாடங்கள் அனைத்தும் சனவரி மாதத்தில்தான் மாணவரின் கையில் வந்து சேர்கின்றன. இரண்டாம் இயலை ஆறாம் இயலோடும், மூன்றாம் இயலை ஒன்பதாம் இயலோடும் சேர்த்துப் படிப்பது அதற்குமுன் இயலாத செயல்.

நினைவுகூர்தல், கலந்து பயிலல், இடைவெளிவிட்டுப் பயிலல் ஆகியவை நினைவை வலுப்படுத்தும் என உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. வினவுதல், விடைகூறுதல், விரித்துரைத்தல் ஆகியவையின்றிப் புலமை நிரம்பாது என நன்னூல் உரைக்கிறது. இரண்டும் சுட்டும் நெறி ஒன்றே. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் பாடநூல் உருவாக்குவோரும் இதனைக் கருத்தில் கொண்டு, ஒவ்வொரு பாடநூலின் இறுதியிலும் இயல்களுக்கிடையிலான இணைப்பு வினாக்களைத் தனிப்பகுதியாகச் சேர்ப்பின், அது ஆசிரியர்க்கு உற்ற துணையாக அமையும்.